பதில்: அப்பாவுக்கு ஈறுல ரத்தம், சுகரும் குறையல
ஏற்காட்டுல இருக்கற அப்பாவுக்கு மாத்திரை ஒழுங்கா போட்டும் சுகர் குறையல, பல் தேய்ச்சா ஈறுல ரத்தம், வாய் நாத்தம்னு யார்கிட்டயும் பேசாம ஒதுங்குறாருன்னு எழுதியிருக்கீங்க தம்பி, மூணையும் தனித்தனியா பாக்காதீங்க. ஈறுல கிருமி தங்கி வீக்கம் இருந்துட்டே இருந்தா இன்சுலின் சரியா வேலை செய்யாது, சுகர் ஏறுனா ஈறு இன்னும் கெடும், ரெண்டும் ஒன்னையொன்னு இழுத்துட்டுப் போகும். வாயத் திறக்கவே கூச்சமா இருக்கறவரு பின்ன எப்படிங்க நாலு பேரோட உக்காருவாரு? சேலம் ஜிஎச்ல பல் டாக்டர்கிட்ட காட்டுங்க, இல்ல அரியானூர் பல் காலேஜ், ஈறுக்கு அடியில பல்லுல கெட்டியா படிஞ்சிருக்கற காரையையும் சேத்து க்ளீன் பண்ணச் சொல்லுங்க, 3 மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகரக் காட்டுற ரத்த டெஸ்ட், பாருங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாச்சும் போட்டா முன்னாடியே சொல்லிடுங்க. காலைல சாப்டுட்டே கிளம்பட்டும், வெறும் வயித்துல அந்த ஏற்காடு மலைப்பாதையோட 20 கொண்டை ஊசி வளைவு வேண்டாம்.