பாலிமர் சட்டகப் பிஸ்டல்கள்: கைப்பிடி வசதிக்கு முதலிடமா, ட்ரிக்கர் உணர்வுக்கா?

சற்றுச் சிறிய கை உடைய நீங்கள், குளோக் பிஸ்டலின் கைப்பிடி உறுத்துகிறது என்றும், அதன் ட்ரிக்கர் எந்த இடத்தில் விடுகிறது என்றே தெரியாமல் நெகிழ்ந்து போகிறது என்றும், வால்தர் பிஸ்டலின் ட்ரிக்கர் அதைவிடத் தெளிவாக இருந்தது என்றும் எழுதி, தேர்வு செய்யும்போது இவ்விரண்டில் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கைப்பிடிக்கே என்பது என் பதில். ட்ரிக்கர் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ட்ரிக்கர் உணர்வு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதியை, விரல் ட்ரிக்கரைத் தொடுவதற்கு முன்பே கைப்பிடி தீர்மானித்துவிடுகிறது என்பதால் சொல்கிறேன்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். குளோக் 17, மேகசின் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும், கழற்றக்கூடிய பெட்டி) இல்லாமல் ஏறக்குறைய 630 கிராம் எடையுள்ளது. தோட்டாக்கள் முழுமையாக நிரம்பிய நிலையிலும் சுமார் 900 கிராம்தான். அதன் ட்ரிக்கரை இழுக்கத் தேவைப்படும் அழுத்தமோ ஏறத்தாழ 2.5 கிலோ. பிஸ்டலின் எடையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தை ஒரே விரல் செலுத்தும்போது அது அசையாமல் நிற்க வேண்டுமானால், எஞ்சிய விரல்களும் உள்ளங்கையும் அதை முழுமையாகப் பற்றியிருக்க வேண்டும். எஃகுச் சட்டகம் கொண்ட பழைய 1911 வகைப் பிஸ்டல் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது; பிடியில் உள்ள சிறு குறைகளை அந்த எடையே தாங்கிக்கொள்ளும். குளோக் போன்ற பாலிமர் (ஒருவகைப் பிளாஸ்டிக்) சட்டகத்தில் அந்த உதவி இல்லை.

அடுத்தது எட்டும் தூரம். ஆள்காட்டி விரல் நுனியின் சதைப்பகுதி ட்ரிக்கரின் நடுவில் அமர வேண்டும்; விரலின் மற்ற பகுதி சட்டகத்தில் உரசாமல் சற்று வளைந்து நிற்க வேண்டும். கைப்பிடி பெரிதாக இருந்தால் விரலின் ஓரம் மட்டுமே ட்ரிக்கரைத் தொடும். அப்போது இழுப்பு நேர்பின்னாக வராமல் பக்கவாட்டில் திரும்பும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்குக் குண்டு பெரும்பாலும் இடப்பக்கம் விலகும். அதைச் சரிசெய்ய விரலை உள்ளே நுழைத்தால் கை முழுவதும் கைப்பிடியைச் சுற்றித் திரும்பிவிடும். பின்னுதைப்பு உள்ளங்கையின் நடுவில் இறங்குவதற்குப் பதிலாகக் கட்டைவிரலின் அடி மூட்டில் இறங்கும். இந்த நிலையில் எந்த ட்ரிக்கரை இழுத்தாலும் கனமாகவும் தெளிவின்றியும்தான் தோன்றும். நீங்கள் சொன்ன குறையில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இரட்டை வரிசை மேகசின் உள்ளே நுழைய வேண்டியிருப்பதால் கைப்பிடியின் சுற்றளவை ஓர் எல்லைக்குக் கீழே குறைக்க முடியாது. பாலிமர் கைகொடுப்பது இங்கேதான்: சட்டகமே கைப்பிடியாக வார்க்கப்படுவதால், உலோகச் சட்டகத்தின் மேல் தனியாகப் பொருத்தும் பக்கப்பலகைகளின் தடிமன் மிச்சமாகிறது. பாலிமர் சட்டகத்தோடு 1970-இல் வந்த ஹெக்லர் அண்ட் கோக் வி.பி.70 இந்த வழியைத் தொடங்கியது. அதன் ட்ரிக்கர் மிகக் கனமானது என்பதால் பெரிதாகப் பரவவில்லை. ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் குளோக்கை ஏற்ற பிறகே இவ்வகை நிலைபெற்றது.

ஆனால் தொடக்ககால குளோக்கில் எல்லாக் கைகளுக்கும் ஒரே அளவுதான். கைப்பிடியின் முதுகுப் பகுதியை மாற்றிக்கொள்ளும் வசதியை 1990களில் வால்தர் பி99 கொண்டுவந்தது. குளோக் 2010-இல் நான்காம் தலைமுறையில்தான் அதை ஏற்றது. அதில் அடிப்படை நிலையே மிகச் சிறியது. நடுத்தரத் துண்டு ட்ரிக்கர் தூரத்தை 2 மி.மீ., பெரிய துண்டு 4 மி.மீ. கூட்டுகின்றன. காகிதத்தில் அற்பமாகத் தெரியும் இந்த அளவு விரல்நுனியில் பெரிய வேறுபாடு. நீங்கள் எடுத்துப் பார்த்த பிஸ்டலில் முதுகுத்துண்டு ஏதேனும் மாட்டியிருந்ததா என்பதை முதலில் விசாரியுங்கள்.

பொருத்தத்தில் மிகத் தொலைவு சென்றது 2014-இல் வந்த ஹெக்லர் அண்ட் கோக் வி.பி.9 என்பது என் மதிப்பீடு. முதுகுத்துண்டு, இடப்பக்கம், வலப்பக்கம் ஆகிய மூன்றையும் மூன்று அளவுகளில் மாற்றலாம் என்பதால் 27 சேர்க்கைகள் கிடைக்கின்றன. சிறிய முதுகுத்துண்டோடு, துணைக்கையின் உள்ளங்கை அமரும் பக்கத்தில் மட்டும் பெரிய பலகையை வைக்கலாம். இந்தச் சுதந்திரம் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. சிக் சாவர் பி320 வேறு வழியில் செல்கிறது: சுடும் இயங்கமைப்பு முழுவதும் ஓர் உலோகக் கூடாகக் கழன்று வரும், பாலிமர்க் கைப்பிடியைச் சிறியது, நடுத்தரம், பெரியது என முழுவதுமாக மாற்றிக்கொள்ளலாம்.

உறுத்தல் என்பது தனிச் செய்தி. மூன்றாம் தலைமுறைக் குளோக்கின் விரல் பள்ளங்கள் சிலருக்குச் சரியாகப் பொருந்தும். சிலருக்கு மேடுகள் விரல்களுக்கு அடியிலேயே வந்து நிற்கும். 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அவற்றை நீக்கியது நல்ல முடிவு. ட்ரிக்கர் காப்பு வளையத்தின் அடிப்பகுதி நடுவிரலின் கணுவில் உரசுவதும் குளோக்கில் பலர் சொல்லும் குறைதான்; இதைக் கடையில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்து உணர முடியாது, நீண்ட நேரம் சுட்ட பிறகே தெரியும். ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 2.0-இன் சொரசொரப்பான மேற்பரப்பு வியர்த்த கையிலும் நழுவாது, ஆனால் மென்மையான தோலைத் தேய்த்துவிடும். கையில் எடுத்தவுடன் மென்மையாக இருக்கும் பிடியைவிட, பின்னுதைப்பின்போது இடம் மாறாத பிடியையே நான் வசதியானது என்பேன்.

இனி ட்ரிக்கர். குளோக்கில் ஸ்ட்ரைக்கரின் (தோட்டாவைத் தாக்கிச் சுடவைக்கும் ஊசியின்) சுருள்வில் பாதியளவே அமுங்கிய நிலையில் நிற்கிறது. மீதியை உங்கள் விரல் அமுக்குகிறது. அதே இழுப்பின் முடிவில் ட்ரிக்கர் தண்டு சரிந்து இறங்கி ஸ்ட்ரைக்கரை விடுவிக்கிறது. ஆக விரல் செய்வது இரண்டு வேலைகள். அதனால்தான் அந்த இழுப்பு ஏறிக்கொண்டே போவதுபோலவும், கடைசியில் சட்டென்று முறியாமல் உருண்டு விடுபடுவதுபோலவும் இருக்கிறது. இது தயாரிப்புக் குறை அன்று, அமைப்பே அப்படிப்பட்டது. வால்தர் பி.பி.க்யூ., வி.பி.9, பி320 போன்றவற்றில் ஸ்லைடு (பிஸ்டலின் மேற்பகுதியில் முன்பின்னாக நகரும் உலோகப் பகுதி) பின்னால் சென்று திரும்பும்போதே ஸ்ட்ரைக்கர் கிட்டத்தட்ட முழுமையாக ஏற்றப்பட்டுவிடுவதால், விரல் செய்ய வேண்டியது தடுப்பை விலக்குவது மட்டும்தான். தொடக்கத் தளர்வு முடிந்ததும் ஒரு தெளிவான தடை, அதைத் தாண்டியதும் உடனே விடுபடல் என்று நீங்கள் வால்தரில் உணர்ந்தது இதுவே. சுட்டபின் ட்ரிக்கர் மீண்டும் செயல்படும் நிலைக்குத் திரும்பும் தூரமும் பி.பி.க்யூ.வில் சுமார் 2.5 மி.மீ. மட்டுமே. பாலிமர் சட்டகங்களில் இன்றளவும் நான் மிகவும் விரும்புவது இந்த ட்ரிக்கரைத்தான்.

இருந்தாலும் இலகுவான, குறுகிய ட்ரிக்கரை மட்டுமே தேடிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பி320, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் சுட்டுவிடக்கூடும் என்பது 2017-இல் வெளிப்பட்டபோது, தயாரிப்பு நிறுவனம் செய்த மாற்றங்களில் ஒன்று ட்ரிக்கர் என்ற பாகத்தின் சொந்த எடையைக் குறைத்தது. விழும் வேகத்தில் ட்ரிக்கர் தன் எடையாலேயே பின்னோக்கி நகராமல் இருப்பதற்காக. ட்ரிக்கரின் எடை, பயணம், நடுவிலுள்ள பாதுகாப்பு நாக்கு ஆகியவை விரலின் சுகத்துக்காக மட்டும் வடிவமைக்கப்படவில்லை. ஆகவே உதிரிபாகங்களை மாற்றி ட்ரிக்கரை இலகுவாக்கும் எண்ணம் இருந்தால், தேர்ந்த துப்பாக்கிப் பணியாளர் ஒருவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

சோதித்துப் பார்க்கும்போது, மேகசினைக் கழற்றித் தோட்டா அறை காலியா என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, பாதுகாப்பான திசையை நோக்கிக் கண்களை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்திப் பின் கண்களைத் திறந்து பாருங்கள். குளோக்கின் கைப்பிடி 1911-ஐவிடச் சாய்வானது. அந்தப் பழைய வகைக்குப் பழகியவர்களுக்குக் குளோக்கின் முன்குறி (குறிபார்க்க முன்முனையில் உள்ள மேடு) மேலே ஏறி நிற்கும். பிறகு ட்ரிக்கரைத் தடை வரை இழுத்து அங்கேயே நிறுத்துங்கள். முன்குறி அசையாமல் இருந்தால் பிடி பொருந்துகிறது என்று கொள்ளலாம். வெற்று இழுப்பை ஒவ்வொரு முறை செய்யவும் ஸ்லைடைப் பின்னிழுத்து ஸ்ட்ரைக்கரை மீண்டும் ஏற்ற வேண்டும் என்பதால், ஸ்லைடை இழுக்கத் தேவையான வலுவும் அப்போதே தெரிந்துவிடும்.

உங்கள் கை அளவுக்கு நான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வது, மூன்று பக்கமும் சிறிய துண்டுகள் மாட்டிய வி.பி.9. அடுத்தது வால்தரின் பி.டி.பி. எஃப் வரிசை, கைப்பிடிச் சுற்றளவையும் ட்ரிக்கர் தூரத்தையும் குறைத்து, ஸ்லைடையும் எளிதாக இழுக்கும்படி அமைத்திருப்பதால், வால்தர் ட்ரிக்கர் பிடித்துப்போன உங்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கக்கூடும். இவற்றுக்குப் பிறகு, முதுகுத்துண்டு எதுவும் மாட்டாத ஐந்தாம் தலைமுறைக் குளோக் 19-ஐயும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். விரல் சரியாக அமர்ந்தபின் அந்த ட்ரிக்கர் உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.