கல்பாசி முதல் மனித மரபணு வரை: வாசகர் கேள்வி – பதில்

எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறேன். லைக்கன் ஆய்வில் தொடங்கி, பிறகு மனித மக்கள்தொகை மரபியலுக்குப் போக முடியுமா? சம்பந்தமே இல்லாத துறைகள் என்கிறார்கள். (வாசகி, திருநெல்வேலி)

தாராளமாகப் போகலாம். குருமாவில் போடும் கல்பாசியே ஒரு லைக்கன்தான்; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உடல் அது. காட்டில் இந்த மரத்து லைக்கனும் அடுத்த மலைச்சரிவு லைக்கனும் மரபணு அளவில் எவ்வளவு விலகியிருக்கின்றன, ஏன் என்பது லைக்கன் ஆய்வாளரின் கேள்வி. மரத்துக்குப் பதில் ஊரை வைத்தால், அதுவே மனித மரபியலின் கேள்வி. அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் வகுத்த எஃப்.எஸ்.டி. என்ற அளவு இரண்டுக்கும் பொது. அது 0 என்றால் வேறுபாடே இல்லை. 1 என்றால் முழு விலகல். மனிதர்களில் கண்டங்களுக்கிடையே கூட இது ஏறக்குறைய 0.1 முதல் 0.15 வரைதான்.

துறை மாறியவர்களில் பெரிய பெயர் லூய்ஜி லூகா கவாலி-ஸ்ஃபோர்சா (1922–2018). பாக்டீரியா மரபியலில் தொடங்கியவர். 1950-களில் இத்தாலியின் பார்மா பள்ளத்தாக்கில், தேவாலயத் திருமணப் பதிவேடுகளையும் ரத்த வகைகளையும் சேர்த்துப் பார்த்தார். மலையுச்சியின் சிறிய, தனித்த கிராமங்களுக்கிடையே ரத்த வகை விகிதம் அதிகமாக வேறுபட்டது. சமவெளியில் வேறுபாடு குறைவு. ஆள் குறைந்த ஊரில் தற்செயலே விகிதத்தை மாற்றிவிடும். சிறு காட்டுத் துண்டில் ஒதுங்கிய லைக்கனுக்கும் இதே கதிதான்.

லைக்கனில் டி.என்.ஏ. எடுக்கும்போது எங்கே தவறு நடக்கிறது? (வாசகர், கோவை)

சேகரிப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஈரமான மாதிரியை பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடித்துவிடும். காகித உறையில் போட்டு, அன்றே நிழலில் காயவையுங்கள். வளரும் விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் அளவு துண்டு போதும். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒட்டியிருக்கும் மாஸ் செடிகளையும் லைக்கன்மேல் வளரும் வேறு பூஞ்சைகளையும் ஊசியால் நீக்குங்கள். பிறகு அசிட்டோனில் ஊறவைத்து, வடித்து, உலர்த்துங்கள். லைக்கன் அமிலங்கள், டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும்; ஜெல்லில் டி.என்.ஏ. பட்டை தெரியாமல் தவிக்கும் பல மாணவர்கள் இந்தப் படியைத்தான் விட்டிருப்பார்கள். பூஞ்சையை மட்டும் பெருக்க ஐ.டி.எஸ்.1எஃப், ஐ.டி.எஸ்.4 ப்ரைமர் ஜோடி (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) ஏற்றது. பொதுவான ப்ரைமர் போட்டால் பாசியின் டி.என்.ஏ.வும் சேர்ந்து வந்து, வரிசை படிக்க முடியாமல் குழம்பும்.

இதைவிடப் பெரிய பிழை எண்ணிக்கையில் வரும். லொபேரியா பல்மனேரியா போன்ற லைக்கன்கள் பெரும்பாலும் தம் உடலின் பொடித் துகள்களை உதிர்த்தே பரவுகின்றன. அதனால் ஒரே அடிமரத்தில் இருக்கும் 20 உடல்களும் ஒரே நகலாக இருக்கலாம். அவற்றை 20 தனி உயிர்களாகக் கணக்கிட்டால் மரபணு வடிவங்களின் விகிதம் முழுக்கச் சாய்ந்துவிடும். மரத்துக்கு ஒன்று எடுங்கள். அல்லது எல்லாவற்றையும் எடுத்து, ஒரே மரபணு வடிவம் கொண்டவற்றை ஒன்றாகக் கணக்கிடுங்கள்.

மனிதர்களிடம் மாதிரி எடுக்கும்போதும் இப்படித்தானா? (அதே வாசகர்)

நகலுக்குப் பதில் உறவு. அண்ணன் தம்பி, சித்தப்பா மகன் எல்லோரையும் சேர்த்தால் அதே சாய்வு வரும். பிரிட்டிஷ் தீவு மக்கள் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு, தாத்தா பாட்டி நால்வரும் ஒருவருக்கொருவர் 80 கிலோமீட்டர் தொலைவுக்குள் பிறந்திருந்த 2,039 கிராமப்புறத்தாரை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் அடுத்தடுத்து இருக்கும் கார்ன்வால், டெவன் பகுதிகள் தனித்தனிக் கொத்துகளாகத் தெரிந்தது, அப்படிப் பார்த்துப் பொறுக்கியதால்தான்.

ரத்தம் என்றால், உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. போட்ட குழாய்; ஹெப்பாரின் போட்ட குழாய் வேண்டாம், அது பி.சி.ஆரைக் கெடுக்கும். உமிழ்நீர் என்றால், அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்த பிறகு 2 மில்லி. லைக்கனுக்கு வனத்துறை அனுமதி போதும். மனிதருக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், அவரவர் மொழியில் படித்துக்காட்டி வாங்கிய சம்மதமும் இல்லாமல் ஊசியைத் தொடவே கூடாது.

பள்ளி மாணவர்களோடு லைக்கன் வைத்துக் காற்று மாசு பார்க்கலாமா? (ஆசிரியர், சேலம்)

பார்க்கலாம். காற்று கெட்டால் பல லைக்கன்கள் மறைந்துவிடும் என்பதை, பாரிஸ் லக்ஸம்பர்க் பூங்காவை வைத்து லைக்கன் ஆய்வாளர் நைலாண்டர் 1866-இலேயே எழுதினார். 10 சென்டிமீட்டர் சதுரங்கள் ஐந்தை மேலும் கீழுமாகக் கோத்த கம்பிச் சட்டம் செய்யுங்கள். கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி, மரத்தின் நான்கு திசையிலும் வையுங்கள். ஒவ்வொரு இனமும் எத்தனை சதுரத்தில் இருக்கிறது என்று எண்ணிக் கூட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே வகை மரமாக இருக்கட்டும். பட்டையின் அமிலத்தன்மை மாறினால் லைக்கனும் மாறிவிடும். நம் சாலையோரத்தில் சுண்ணாம்பு அடித்த மரங்களை அடியோடு விட்டுவிடுங்கள். மஞ்சள் லைக்கன் நிறைய இருப்பதால் மட்டும் காற்று சுத்தம் என்று எழுத வேண்டாம். மாட்டுத்தொழுவம், உரம் ஆகியவற்றிலிருந்து வரும் அம்மோனியாவில் சில வகைகள் நன்றாகவே செழிக்கும்.