பதம் பாத்து தொடணும்

அண்ணா, வணக்கம். நான் மாயவரம். ஆஸ்திரேலிய வாட்டர்கலர் ஓவியர் ஜோசப் ஸ்புக்விச்சோட மழைத் தெரு ஓவியம் ஒண்ணு, மெல்போர்ன், ஒரு ட்ராம், குடை புடிச்சிட்டு நாலு பேரு, ஈர ரோடு பூரா வெளிச்சம். அத பாத்து வாட்டர்கலர்ல அஞ்சு தடவ போட்டுட்டேன், அஞ்சும் சேறாத்தான் வருது. போட்டோ அனுப்பிருக்கேன். பேப்பர் தப்பா, கை தப்பா? இல்ல இப்படி காப்பி அடிக்கறதே தப்பா?

தம்பி, கடைசி கேள்விக்கு மொதல்ல சொல்லிடறேன், தப்பே இல்ல. நாகஸ்வரம் கத்துக்கற புள்ள வாத்தியார் வாசிச்சத அப்படியே திருப்பி வாசிச்சுத்தான் கத்துக்குது. யாரோட படத்த பாத்து போட்டதுன்னு கீழ எழுதிடு, போதும்.

உன் படத்த பெருசு பண்ணி பாத்தேன். ட்ராமுக்கு அடியில ரோட்டுல விழற பிரதிபலிப்போட ஓரம் காலிஃப்ளவர் மாதிரி பூத்திருக்கு பாரு, அங்கதான் விஷயமே இருக்கு. மொதல் வாஷ், அதாவது மொதல்ல பரப்பின தண்ணிக் கலர், பாதி காஞ்சு வரும்போது நீ அதவிட தண்ணியான கலரோட உள்ள போயிருக்க, அந்த தண்ணி ஏற்கனவே ஒக்காந்திருந்த கலர தள்ளிட்டு போயி ஓரத்துல பூ விட்டுருச்சு, அப்புறம் அத சரி பண்றேன்னு திரும்பத் திரும்ப தேச்சிருக்க. சேறு வந்தது அதுலதான்.

ஸ்புக்விச் கலரோட கெட்டிய டீ, காபி, பால், க்ரீம், பட்டர்னு அஞ்சா பிரிச்சு சொல்லுவாரு, பேப்பர் எவ்ளோ ஈரமா இருக்குங்கறத தனியா பாப்பாரு, ரெண்டையும் சேத்து வச்சுத்தான் பிரஷ்ஷ எறக்குவாரு. நம்ம ஊர்ல இதுக்கு ஒரே வார்த்தை, பதம். வயல் சேறு தண்ணியா இருந்தா நட்ட நாத்து மெதக்கும், இறுகிட்டா விரல் எறங்காது, பேப்பரும் அதேதான். தண்ணி கண்ணாடியா மினுங்கும்போது தொட்டா கலர் ஓடிடும், அது வானத்துக்கு சரி. மினுமினுப்பு மங்கி உள்ள ஈரம் மட்டும் இருக்கற நேரம் இருக்கு பாரு, அப்ப கலர பால், க்ரீம் பதத்துக்கு கெட்டியா எடுத்து, பிரஷ்ஷ துணியில ஒத்திட்டு, மேலேர்ந்து கீழ ஒரே இழுப்பு. விட்டுடணும். ஈரத்து மேல போறப்ப கீழ இருக்கறதவிட கெட்டியாத்தான் போகணும், இது ஒண்ண புடிச்சுக்க.

இன்னொண்ணு, ஸ்புக்விச் வரையற வீடியோவுல அவருக்கு ஆகற நேரத்த வச்சு நீ கணக்கு போடாத. ஐப்பசியில டெல்டாவுல காத்தே ஈரம், கும்பகோணத்துல என் வீட்ல அடைமழை நாள்ல ஒரு வாஷ் காய அரை மணி நேரத்துக்கு மேல ஆகுது. கண்ணுக்கு காஞ்ச மாதிரி தெரியும், புறங்கைய வச்சு பாரு, சில்லுனு இருந்தா உள்ள ஈரம் இருக்கு. காத்திரு. பேப்பர் 300 ஜிஎஸ்எம் கனத்துல, முழு காட்டன் வாங்கு, வெல ஜாஸ்திதான், ஒரு ஷீட்ட நாலா கிழிச்சுக்க. சாதா பேடுல ரெண்டாவது வாஷ் போட்டா கீழ இருக்கறது கெளம்பி வந்துடும்.

கறுப்பு ட்யூப்ப ஓரமா வையி. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பும் கலந்தா வர்ற சாம்பல்ல நீலத்த கூட்டினா மழை மேகம், சியன்னாவ கூட்டினா நனஞ்ச செவரு, அந்த மூட் இங்கேர்ந்துதான் வருது. ரோட்டுல தெரியற ட்ராம் நிஜ ட்ராமவிட கொஞ்சம் வெளுப்பா இருக்கணும், வெளிச்சம் நிஜத்தவிட கொஞ்சம் மங்கலா. நீ ரெண்டையும் ஒரே அளவுல வச்சிருக்க, அதான் ரோடு ஈரமா தெரியல, ட்ராமுக்கு கீழ இன்னொரு ட்ராம் நிக்குது.

ஆறாவது தடவ ஒரே கலர்ல, போஸ்ட் கார்டு சைஸ்ல போடு. அப்புறம் அந்த படத்த மூடி வச்சுட்டு ஐப்பசி கடைசியில காவிரியில கடைமுழுக்கு நடக்கற சமயத்துல மழை விட்ட சாயங்காலம் பட்டமங்கலத் தெருவுல போயி நில்லு. ட்ராம் நின்ன எடத்துல டவுன் பஸ்ஸு. அது பிரேக் போடறப்ப செவப்பு லைட் ரோட்டுல நீளமா எறங்கும், அந்த எடத்த மட்டும் மொதல் வாஷ்லேர்ந்தே தொடாம விட்டு வையி.