நிறமும் வெளிச்சமும் மனசையும் உடம்பையும் உண்மையிலேயே மாற்றுமா? ஆன்மிகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

மாற்றும். எந்த வெளிச்சம் எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஆறு வருஷமாக நைட் ஷிப்ட். காலை ஏழரைக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பசியாறிவிட்டுப் படுத்தால் கண் எரியும், தூக்கம் வராது. பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவேன். நீலப் புட்டியில் வெயிலில் வைத்த தண்ணீரைக் குடித்தால் சரியாகும் என்று ஒருவர் விற்றார். 100 வெள்ளி (ரிங்கிட்) போனதுதான் மிச்சம்.

கிளினிக்கில் ஒரு டாக்டரம்மாதான் புரிய வைத்தார். பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் சில செல்கள் உண்டாம். 2002 வாக்கில்தான் அவற்றை அடையாளம் கண்டார்கள். ஏறக்குறைய 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால் அவை உடனே விழித்துக்கொள்ளும். தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் அடங்கிவிடும். காலை வானத்திலும் ஃபோன் திரையிலும் அந்த நீலம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியிலேயே என் தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தது! "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க, ஜன்னலுக்குக் கனமான துணி கட்டுங்க" என்றார். மூன்று வாரத்தில் உறக்கம் வந்தது, கோபமும் இறங்கியது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில் நின்றுவிட்டு, இருட்டில் தன் நிரைக்கு, அதாவது மர வரிசைக்குப் போவார். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். "பெரட்டு அதே நேரந்தான், இருட்டு மட்டும் கூடிப்போச்சு" என்று இன்றைக்கும் சொல்வார். இப்போதும் இங்கே விடிய ஏழு மணி ஆகிறது. பள்ளிப் பிள்ளைகள் இருட்டில்தான் பஸ் ஏறுகிறார்கள். அதுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

நிறமே மருந்தானதை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். இளைய மகள் பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. கண்ணைக் கட்டி, வெற்றுடம்போடு நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். அந்த வெளிச்சத்தில் அவள் உள்ளங்கை சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தது. நான் பயந்தே போனேன். தோலில் தேங்கிய பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை அந்த நீலம் உருமாற்றி வெளியேற வைக்கிறது. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். காலை வெயிலில் காட்டுவது இந்தச் சிகிச்சைக்கு ஈடாகாது, தயவுசெய்து அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஆன்மிகம் கேட்டீர்கள். வடலூர் ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு நிறத் திரைகளை விலக்கித்தான் ஜோதியைக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு காமாட்சி விளக்குதான். ஏழேகாலுக்கு அம்மா அதை ஏற்றிவிட்டு டியூப் லைட்டை அணைக்கச் சொல்வார். சுடரில் நீலம் மிகக் குறைவு. மஞ்சள் மட்டும் சுவரில் மெல்ல அசையும். டிவி சத்தம் நிற்கும், பிள்ளைகள் சண்டை நிற்கும். ஃபோனை அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் அம்மா பக்கத்தில் உட்கார்வேன். திருநீறு பூசிவிடுவார். அதற்குப் பிறகுதான் ஆலைக்குக் கிளம்புவேன்.