‘தேன் ஐ’ சரியா, ‘தேன் மீ’ சரியா?

கேள்வி: மகள் தரம் 11 படிக்கிறாள். ‘ஷீ இஸ் ஓல்டர் தேன் மீ’ என்று எழுதியதைப் பாடசாலையில் சரி போட்டார்கள். ரியூசனில் ‘மீ’யை வெட்டி ‘ஐ’ ஆக்கிவிட்டார்கள். சோதனையில் எதை எழுதுவது?
– வாசகி ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: சோதனையில் ‘ஷீ இஸ் ஓல்டர் தேன் ஐ ஆம்’ என்று வினையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இதை இரு தரப்பும் ஏற்கும்.

‘தேன்’ என்பதை இரு வாக்கியங்களின் இணைப்பாக எடுத்தால், பின்னால் ‘ஆம்’ மறைந்திருக்கிறது. எழுவாயாக ‘ஐ’ வரவேண்டும். 1762இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லோத் அப்படித்தான் வகுத்தார். ‘வித்’, ‘ஃபோர்’ போன்ற முன்னிடைச்சொல்லாக (பிரிபொசிஷன்) எடுத்தால் ‘மீ’ வரும். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்திலேயே அப்படி வந்திருக்கிறது. இன்றைய பேச்சிலும் அதுவே இயல்பு. ஆகவே மகள் எழுதியது பிழையல்ல. வினை வந்துவிட்டால் மட்டும் ‘மீ’க்கு இடமில்லை: ‘தேன் மீ ஆம்’ முழுப் பிழை.

உண்மையான சிக்கல், செயப்படுபொருள் உள்ள வாக்கியத்தில்தான். ‘அமுதா லவ்ஸ் கலா மோர் தேன் ஐ’ என்றால், கலாமீது என்னிலும் அமுதாவுக்கே அன்பு கூட. ‘மோர் தேன் மீ’ என்றால், பெரும்பாலும், அமுதாவுக்கு என்மீது உள்ள அன்பு குறைவு என்றே கொள்வார்கள். தமிழில் ‘அமுதா என்னைவிடக் கலாவைக் கூட நேசிக்கிறாள்’ என்ற ஒரே வரி இரண்டுக்கும் பொருந்தும். அதனால்தான் நம் பிள்ளைகள் தமிழில் நினைத்து எழுதும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போகிறார்கள். முதற் பொருளுக்கு ‘தேன் ஐ டூ’, அடுத்ததற்கு ‘தேன் ஷீ லவ்ஸ் மீ’ என்று முழுதாக எழுதினால் மயக்கமே இல்லை.

சேர்க்கும் வினையிலும் கவனம் வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போடும் பழக்கம் பரவலாக உண்டு. ‘ஹீ சுவிம்ஸ் ஃபாஸ்டர்’ என்றால் ‘தேன் ஐ டூ’. ‘ஹீ சுவாம்’ என்றால் ‘தேன் ஐ டிட்’. ‘ஹீ கேன் சுவிம்’ என்றால் ‘தேன் ஐ கேன்’. ஒப்பிடப்படுபவர் அவளானால் ‘தேன் ஷீ டஸ்’. ‘ஆஸ் ஓல்ட் ஆஸ்’ வகை ஒப்பீட்டுக்கும் இதே முறைதான். ஆனால் ‘போல’ என்ற பொருளில் ‘லைக்’ வந்தால் ‘லைக் மீ’ என்றே எழுதவேண்டும்.

‘யூ’ இரு வேற்றுமையிலும் உருமாறாது. ‘அமுதா ஹெல்ப்ஸ் கலா மோர் தேன் யூ’ என்பதில் உதவுவது நீங்களா, உதவி பெறுவது நீங்களா என்பது தெரியாது. அங்கே ‘தேன் யூ டூ’ அல்லது ‘தேன் ஷீ ஹெல்ப்ஸ் யூ’ என்று எழுதியே ஆகவேண்டும்.