இயற்பியல் படித்தால் எங்கே போய் நிற்பாள்? ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

உங்கள் கடிதத்தைப் படித்தேன் அம்மா. கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கையில் இருக்கும்போது, மகள் பி.எஸ்சி. இயற்பியல்தான் வேண்டும், அப்புறம் பயன்பாட்டு இயற்பியலில் ஆராய்ச்சி செய்வேன் என்று உறுதியாக நிற்கிறாள். "படித்து முடித்து எங்கே போய் நிற்பாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. இந்தத் துறையில் ஒரு முழு வாழ்க்கை எப்படிப் போகும் என்பதை ஒருவரை வைத்தே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு எல்இடி விளக்கை எரிய வைத்தவர்களில் மூத்தவர், ஜப்பானின் இசாமு அகசாகி.

1929இல் ககோஷிமா மாவட்டத்தின் சிரான் என்ற ஊரில் பிறந்தவர். 1952இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். படித்தது வேதியியல், அறுபது ஆண்டு கழித்து நோபல் வாங்கியதோ இயற்பியலுக்கு. முதல் வேலை கோபே கோக்யோ என்ற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். டிவி படக்குழாயின் ஒளிரும் திரை சம்பந்தப்பட்ட வேலை அது. 1959இல் நகோயா பல்கலைக்கழகத்துக்குப் போய், குறைகடத்தி, அதாவது மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருள், அதன் படிகத்தை வளர்க்கும் வித்தையைக் கற்றார். 1964இல் முனைவர் பட்டம் வாங்கி, அதே ஆண்டு மட்சுஷிடா கம்பெனியின் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அதுதான் இன்றைய பானாசோனிக். 1981இல் மறுபடி நகோயா, இந்த முறை பேராசிரியராக. 1992இல் அங்கே ஓய்வு பெற்றதும் மெய்ஜோ பல்கலைக்கழகம்.

கம்பெனி, கல்லூரி, கம்பெனி, கல்லூரி என்று மாறி மாறிப் போயிருக்கிறார், கவனித்தீர்களா? இயற்பியல் என்றாலே வாத்தியார் வேலைதான் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அகசாகியிடம் இருந்தது, சுத்தமான படிகத்தை வளர்த்து அதன் ஒளியை அளக்கத் தெரிந்த கைப்பழக்கம். அது கம்பெனிக்கும் தேவைப்பட்டது, பல்கலைக்கழகத்துக்கும் தேவைப்பட்டது.

இனி அவர் பிடித்த பிரச்சினைக்கு வருகிறேன். சிவப்பு, பச்சை எல்இடிகள் 1960களிலேயே வந்துவிட்டன. நீலம் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் இல்லை. காலியம் நைட்ரைடு என்ற பொருள் நீல ஒளி தரும் என்று தெரியும். ஆனால் நல்ல படிகமாக அதை வளர்க்க யாராலும் முடியவில்லை. நீலமணிக்கல் தட்டின் மேல் ஆயிரம் டிகிரிக்கு மேலான வெப்பத்தில் வளர்த்தால், இரண்டின் அணு இடைவெளியும் பொருந்தாமல் விரிசல் விடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் கைவிட்டுப் போனார்கள். அகசாகி 1973இல், தன் 44ஆவது வயதில், இதில் இறங்கினார். 1981இல் ஒரு சர்வதேசக் கருத்தரங்கில் தன் முடிவுகளைச் சொன்னபோது அரங்கில் யாரும் அக்கறை காட்டவில்லை.

1982இல் அவர் ஆய்வகத்துக்கு ஓர் இளநிலை மாணவர் வந்தார், ஹிரோஷி அமானோ. ஆய்வகத்தில் பணம் குறைவு. படிகம் வளர்க்கும் கருவியைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அமானோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை முயன்றார். 1985இல், முதலில் குறைந்த வெப்பத்தில் அலுமினியம் நைட்ரைடை மெல்லிசாகப் படியவிட்டு, அதன் மேல் காலியம் நைட்ரைடை வளர்த்தபோது, கண்ணாடி மாதிரித் தெளிந்த படிகம் கிடைத்தது. எல்இடி எரிய இரண்டு வகைக் குறைகடத்தி சேர வேண்டும்: எலக்ட்ரான் மிகுந்தது ஒன்று, எலக்ட்ரான் குறைந்த 'பி வகை' மற்றொன்று. அந்த பி வகைதான் அடுத்த தடை. மக்னீசியம் கலந்த படிகத்தில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி 1989இல் அதையும் தாண்டினார்கள். நான்காம் ஆண்டு மாணவராக நுழைந்தவர் குருவோடு சேர்ந்து 2014இல் நோபல் மேடை ஏறினார். அப்போது அகசாகிக்கு வயது 85. 2021இல் தன் 92ஆவது வயதில் காலமானார்.

மூன்றாவதாக அந்தப் பரிசைப் பகிர்ந்த ஷூஜி நகமுராவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கல்லூரிப் பெயரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். அவர் படித்தது டோகுஷிமா பல்கலைக்கழகத்தில், பெரிய பெயர் இல்லாத ஊர்ப்பக்கத்து இடம். முதுநிலை முடித்து 1979இல் அருகிலிருந்த நிச்சியா என்ற சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். 1993இல் பிரகாசமான நீல எல்இடியை அந்தக் கம்பெனி அறிவித்தபோது அவரிடம் முனைவர் பட்டமே கிடையாது. அடுத்த ஆண்டுதான் வாங்கினார்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். இந்தப் பாதையில் பலன் மெதுவாகத்தான் வரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அகசாகி தன் துணிச்சலான ஆராய்ச்சியை முழுக்க மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் செய்தார். அவளும் ஒவ்வொரு கட்டத்திலும் வருமானம் இருக்கும்படி திட்டமிடலாம். பி.எஸ்சி. முடித்து ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. உண்டு. அதற்குப் பிறகு கேட் தேர்வு வழியாகப் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) போன்ற எம்.டெக். படிப்புகளுக்கும் போகலாம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி இயற்பியல் முதுநிலையினரை மாத உதவித்தொகையோடு எடுக்கிறது. படிகம் வளர்ப்பதற்கென்றே சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் இருக்கிறது. அவளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

குடும்பச் சூழ்நிலையால் நான்கு ஆண்டில் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்றால், எலக்ட்ரானிக்ஸ் அல்லது பொருளறிவியல் பொறியியலில் சேரட்டும். அமானோவின் பட்டமே பொறியியலில்தான். அங்கிருந்தும் இந்தத் துறைக்கு வரலாம்.

ஒன்றை மட்டும் அவளிடம் நேராகக் கேளுங்கள். பிளஸ் டூ செய்முறை வகுப்பில் அளவீடு தப்பி வந்தபோது, திரும்பச் செய்து பார்க்கத் தோன்றியதா, புத்தகத்தில் இருந்த விடையை எழுதிவிட்டு வந்தாளா? கருந்துளை வீடியோக்கள் பிடிக்கும், செய்முறை பிடிக்காது என்றால் பயன்பாட்டு இயற்பியல் அவளுக்குச் சிரமமாக இருக்கும். திரும்பத் திரும்பச் செய்யும் பெண் என்றால் தடுக்காதீர்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் துறைக்கு நேரில் போங்கள். இளநிலை மாணவர்களைக் கருவியைத் தொட விடுகிறார்களா, பழுதானால் யார் சரிசெய்கிறார்கள், போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பேராசிரியரிடம் கேட்டதை அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டு, பதில்களை எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் சேர்ந்து முடிவு செய்யலாம்.