டிரம்பெட் நடு வால்வு எந்திரிக்கலைன்னா

பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதித் திருவிழா) வாசிக்கணும், நடு வால்வு அமுக்குனா மேல வரமாட்டேங்குதுன்னு கேட்டிருந்தீங்க தம்பி. ஸ்பிரிங் வாங்கறதுக்கு முன்னால 1, 2 (நடு வால்வுதான் 2) ரெண்டு வால்வோட ஸ்பிரிங்கையும் மாத்திப் போட்டுப் பாருங்க. கோளாறு 1க்குப் போனா ஸ்பிரிங்தான். 2லயே நின்னா அழுக்கு, இல்லீன்னா வால்வு போற குழல் நசுங்கல். அப்பப் புது ஸ்பிரிங் தண்டச் செலவு.

ஸ்பிரிங்கை எடுக்க, மேல்மூடியைத் திருகி வால்வை நேரா உருவுங்க. பிஸ்டன் (குழலுக்குள்ள ஏறி இறங்கற உருளை) தலைக்கூட்டைக் கையாலயே கழட்டுங்க, குறடு வேண்டாம். உள்ள ஸ்பிரிங், அதுக்கடியில ரெண்டு நாக்கு வெச்ச சின்ன கைடு. அகல நாக்கு அகலக் காடியில (பள்ளத்துல) உக்காரணும். மாறிட்டா காத்து அடைச்சுக்கும், சத்தமே வராது. பிஸ்டன்ல நம்பர் இருக்கும், கலக்கீராதீங்க.

புது ஸ்பிரிங் போட்டா மூணையும் சேர்த்து மாத்துங்க, இல்லீன்னா விரலுக்கு அழுத்தம் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசப்படும். பழசை இழுத்து நீட்டற வேலை மட்டும் ஆகாதுங்க: கோணலாகி, கூட்டுல உரசிக் கரகரங்கும். கடைசியா மூணு சொட்டு வால்வு எண்ணெய். தேங்காயெண்ணெய் விட்றாதீங்க, குளுருக்கு உறைஞ்சுரும்.